பிழையில்லா வேதமும் டார்வினும்: வார்ஃபீல்ட் பற்றி ஒரு குறிப்பு

இன்ஜினியரிங் படிச்சப்போ ஹாஸ்டல்ல எனக்கு ஒரு இவாஞ்சலிக்கல் நண்பன். "பைபிள்ல ஒரு பிழைகூட இல்லைன்னு நம்புறவன் டார்வினை ஒத்துக்க முடியாதுடா" என்பான். நானும் அதையேதான் எதிர்ப்பக்கம் நின்னு சொல்லிட்டிருந்தேன்: டார்வின் சரின்னா பைபிளை மூடி வெச்சிடணும். பல வருஷம் கழிச்சு, பி.பி. வார்ஃபீல்ட் பற்றிப் படிச்சப்போதான் நாங்க ரெண்டு பேருமே வரலாறு தெரியாம சண்டை போட்டிருக்கோம்னு புரிஞ்சது.

வார்ஃபீல்ட் 1851இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தவர். அப்பா ஷார்ட்ஹார்ன் மாடுகளை வளர்த்தவர், இனவிருத்தி பற்றிப் புத்தகமே எழுதியவர். அந்த வீட்டில் டார்வின் ஒண்ணும் அந்நியர் இல்லை. கல்லூரிக்கு வரும்போதே தான் டார்வின் பக்கம்தான் இருந்ததாக வார்ஃபீல்ட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அங்கே தலைவராக இருந்த ஜேம்ஸ் மெக்கோஷ் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகர். அவரும் பரிணாமத்தைக் கடவுள் செயல்படும் ஒரு வழியாகவே பார்த்தார்.

இதே வார்ஃபீல்ட்தான் 1881இல் ஏ.ஏ. ஹாட்ஜுடன் சேர்ந்து வேதத்தின் பிழையின்மை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். இவாஞ்சலிக்கல்கள் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிற கோட்பாட்டுக்குத் தெளிவான வடிவம் கொடுத்த கட்டுரை அது. நகலெடுத்தவர்கள் தவறியிருக்கலாம், மூலப் பிரதியில் பிழை கிடையாது என்பது வாதம். அந்த மூலப் பிரதி எதுவும் இன்று நம் கையில் இல்லை. சோர்ஸ் கோட் தொலைஞ்சு போச்சு, ஆனா அதுல பக் இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கேன்னு முதல்ல சிரிச்சேன். ஆனா மனுஷன் சும்மா சொல்லல. நகல்களை ஒப்பிட்டு மூல பாடத்தைத் தேடும் கலை பற்றி 1886இல் தனிப் புத்தகமே எழுதியவர்.

பரிணாமம் நிரூபணமாகிவிட்டது என்று அவர் சொல்லிவிடவில்லை. பைபிளோடு அது மோதியே தீரும் என்றும் சொல்லவில்லை. மனிதகுலத்தின் வயது எத்தனை என்ற கேள்வி இறையியலுக்கு முக்கியமே இல்லை என்று 1911இல் எழுதினார். மனிதகுலம் ஒன்றே என்பதுதான் அவருக்கு முக்கியம். இனவெறி வேரோடியிருந்த அன்றைய அமெரிக்காவில் அது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் எங்கே முறுக்கிக்கொண்டது? விதை பிரின்ஸ்டனிலேயே இருந்தது என்பது என் ஊகம். வார்ஃபீல்டின் ஆசிரியர் சார்ல்ஸ் ஹாட்ஜ், விஞ்ஞானிக்கு இயற்கை எப்படியோ இறையியலாளனுக்கு பைபிள் அப்படி, அது தகவல்களின் களஞ்சியம் என்றார். இது பிரான்சிஸ் பேக்கனின் அறிவியல் முறை. கூடவே தாமஸ் ரீடின் ஸ்காட்டிஷ் தத்துவமும் உண்டு. அதாவது, அன்றைய நவீன சிந்தனையை வைத்துத்தான் வேதத்தைக் காத்தார்கள். ஆனால் வசனம் ஒவ்வொன்றும் ஒரு டேட்டா என்று பழகிவிட்ட வாசகன், ஆதியாகமத்தையும் ஆய்வக அறிக்கை மாதிரி படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஹாட்ஜே 1874இல் டார்வினியம் நாத்திகம்தான் என்று முடிவு கட்டினார். அறிவியல் நகர்ந்துவிட்டது, இவர்கள் பழைய வெர்ஷனிலேயே நின்றுவிட்டார்கள்.

ஆனாலும் உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 1925இல் டென்னசியில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கில் பரிணாமத்தை எதிர்த்து நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று சாட்சிக் கூண்டில் ஒத்துக்கொண்டார். பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்ற கருத்து இவாஞ்சலிக்கல்களிடம் பெரிய அளவில் பரவியது 1961இல் விட்கோம்பும் மோரிஸும் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான்.

மார்க் நோல் என்ற இவாஞ்சலிக்கல் வரலாற்றாசிரியர், தன் சமூகம் அறிவுழைப்பைக் கைவிட்டதை 1994இல் ஒரு புத்தகமாகவே எழுதிக் கடிந்துகொண்டார். வார்ஃபீல்டின் பரிணாமக் கட்டுரைகளை 2000இல் தொகுத்தவர்களில் அவரும் ஒருவர்.

என் நண்பன் மூணாவது வருஷம் சத்தமில்லாம சர்ச்சுக்குப் போறதை நிறுத்திட்டான். ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னு அவனை நெருக்கினதுல என் பங்கும் இருக்கு. அப்ப வார்ஃபீல்டைத் தெரிஞ்சிருந்தா, அவன் நம்பிக்கையைப் பற்றி வேற மாதிரி பேசியிருப்பேன்.