கண்ணுள்ள கருவியும் கை மட்டும் உள்ள கருவியும்

ஒரு சங்கத்தின் கணக்கு மென்பொருள். உறுப்பினர் பெயரையும் சந்தாத் தொகையையும் ஒவ்வொன்றாகப் படிவத்தில் ஏற்ற வேண்டும். கோப்பிலிருந்து மொத்தமாக இறக்கும் வசதி அதில் இல்லை. எழுதியவரைத் தேடிப் பிடிக்கவும் வழியில்லை. இந்த மாதிரி வேலைக்கு லினக்ஸ்காரர்கள் நெடுங்காலமாக நாடிய கருவி எக்ஸ்டூடூல். இப்போது அந்த இடத்துக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவது ஒய்டூடூல். ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்து என்பதால் இதை அதன் அடுத்த பதிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றினாலும், செய்யும் இடம் வேறு, தெரிந்துகொண்டு செய்யும் அளவும் வேறு.

எக்ஸ்டூடூலை எழுதியவர் ஜோர்டன் சிசெல். பின்னாளில் லாக்ஸ்டாஷ் மென்பொருளால் பரவலாக அறியப்பட்டவர். சி மொழியில் எழுதிய சிறிய நிரல், பிஎஸ்டி உரிமம். எக்ஸ்11 என்ற திரை அமைப்பு 1987இல் வெளிவந்தது. ஒரே திரையைப் பகிரும் நிரல்கள் ஒன்றையொன்று நம்பும் என்ற எண்ணத்தில் பிறந்த அமைப்பு அது. எந்த நிரலும் மற்ற விண்டோக்களின் பட்டியலைக் கேட்கலாம், தலைப்பைப் படிக்கலாம், நகர்த்தலாம். எக்ஸ்டெஸ்ட் என்ற நீட்சி வழியாகப் பொய்யாக விசை தட்டவும் செய்யலாம். எக்ஸ்டூடூல் இந்தத் தாராளத்தை முழுக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. ரூட் அனுமதி வேண்டாம், பின்னணியில் எதுவும் ஓட வேண்டாம்.

அதைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் 'டைப்', 'கீ' என்ற இரண்டு துணைக்கட்டளைகளையே சொல்வார்கள். என் கணக்கில் அதன் உயிர் 'சர்ச்' கட்டளையில் இருக்கிறது. தலைப்பில் இன்ன சொல் உள்ள விண்டோவைத் தேடு, அதை முன்னால் கொண்டுவா, வந்து சேரும்வரை காத்திரு, பிறகு தட்டு: இவ்வளவையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். 'சிங்க்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், விண்டோ உண்மையிலேயே முன்னால் வந்த பிறகுதான் அடுத்த கட்டளை ஓடும். விசை தட்டுவது எளிய காரியம்; தட்டுவது எங்கே போய் விழும் என்று தெரிந்து தட்டுவதுதான் அரிது.

வேலண்ட் இந்த வசதியை வேண்டுமென்றே அடைத்தது. கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய இந்தத் திரை நெறிமுறையில் ஒரு நிரலுக்குத் தன் விண்டோ மட்டுமே தெரியும். மற்ற நிரல்கள் எங்கே இருக்கின்றன என்பதை அது கேட்க முடியாது, அவற்றின் விசையை உளவு பார்க்கவும் முடியாது. கடவுச்சொல் தட்டும்போது பக்கத்து நிரல் ஒட்டுக்கேட்கக் கூடாது என்ற காரணம் நியாயமானது. 2016இல் வந்த ஃபெடோரா 25 வேலண்டை இயல்பாக்கியது. உபுண்டு முன்னும் பின்னும் தடுமாறி 21.04இல் அங்கே நிலைத்தது. 2025 இறுதியில் வந்த ஃபெடோரா 43இலும் உபுண்டு 25.10இலும் க்னோமுக்கு எக்ஸ்11 அமர்வே கிடையாது. அங்கே எக்ஸ்டூடூலை ஓட்டினால் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடும் பழைய நிரல்கள் மட்டும் அதன் பார்வைக்கு வரும். மற்றவை திரையில் நம் கண் முன்னால் திறந்திருந்தாலும் அதற்கு இல்லாதவையே.

ஒய்டூடூல் இந்தச் சண்டைக்குள் நுழைவதில்லை, கீழே இறங்கிவிடுகிறது. லினக்ஸ் கெர்னலில் யூஇன்புட் என்றொரு வசதி உண்டு. அதன் வழியாக ஒரு நிரல் தன்னையே விசைப்பலகையாகவும் மவுஸாகவும் பதிவுசெய்துகொள்ளலாம். மேலே இருப்பது வேலண்டா, எக்ஸா, வெறும் கறுப்புத் திரையா என்ற கவலை இல்லை. உண்மையான விசைப்பலகை ஒன்றைச் செருகியதாகவே எல்லாம் நம்பும். அனுப்பப்பட்ட விசை பொய் என்று கண்டுபிடித்து ஒதுக்கும் நிரல்களும் இங்கே ஏமாறும். எக்ஸ்டூடூலில் குறிப்பிட்ட விண்டோவுக்கென்று விசை அனுப்பினால் எக்ஸ்டெர்ம் போன்றவை அதை ஏற்க மறுப்பது வழக்கம். ஒய்டூடூலுக்கு அந்தத் தொல்லை இல்லை. விண்டோவைக் குறிப்பிடும் வழியே அதற்கு இல்லையே!

அதன் விலை இங்கேதான் தெரியத் தொடங்குகிறது. ஒய்டூடூலுக்குத் திரை தெரியாது. எந்த விண்டோ முன்னால் இருக்கிறதோ அதில் தட்டும். பட்டியலின் நாற்பதாவது பெயரில் ஏதாவது அறிவிப்புப் பெட்டி குதித்து முன்னால் வந்தால், நாற்பத்தொன்றாவது பெயர் அதற்குள் போகும், பின்னாலேயே என்டரும் போகும். அந்தப் பெட்டியில் 'சரி' என்ற பொத்தான் எதற்கு இருந்தது என்பது பிறகுதான் தெரியவரும்.

தட்டும் விதத்திலும் கை கடினமானது. 1.0 பதிப்பு முதல் 'கீ' கட்டளைக்கு விசையின் பெயரைக் கொடுக்க முடியாது. கெர்னல் எண்ணைக் கொடுக்க வேண்டும். கன்ட்ரோலும் வி-யும் சேர்ந்தால் 29:1 47:1 47:0 29:0. ஒன்று அழுத்தல், பூஜ்யம் விடுவித்தல். மவுஸைத் திரையின் ஓரிடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால், முதலில் மூலைக்குத் தள்ளிவிட்டு அங்கிருந்து அளந்து நகர்த்துகிறது. மவுஸ் வேகமுடுக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் அந்த அளவும் பிசகும்.

தமிழ் எழுதுபவர்களுக்கு வேறுபாடு இன்னும் கூர்மை. எக்ஸ்டூடூலிடம் தமிழ்ப் பெயரைத் தட்டச் சொன்னால், விசை அட்டவணையில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் காலியாகக் கிடக்கும் ஒரு விசையெண்ணில் அந்த யூனிகோட் எழுத்தைத் தற்காலிகமாக ஏற்றி, தட்டி, பழையபடி ஆக்கிவிடும். சில நிரல்கள் அட்டவணை மாறியதைக் கவனிப்பதற்குள் எழுத்து போய்ச் சேர்ந்து, ஒரு கால் அல்லது கொம்பு விடுபடுவதுண்டு. இயல்பான 12 மில்லிநொடி இடைவெளியைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஒய்டூடூலின் 'டைப்' அமெரிக்க விசைப்பலகையின் எழுத்துகளுக்கு மேல் எதையும் அறியாது. தமிழ்99 இயங்கும்போது ஆங்கில எச் தட்டச் சொன்னால் க-தான் விழும். தமிழ் வேண்டுமென்றால் டபிள்யூஎல்-காப்பி கொண்டு கிளிப்போர்டில் ஏற்றி, மேலே சொன்ன எண்களால் ஒட்ட வேண்டும். சுற்றுவழிதான், ஆனால் எழுத்து உடையாது. இதில் மட்டும் கை கடினமானவனே நம்பகமானவன் ஆகிறான்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒய்டூடூலுக்கு அதிகம் மதிப்பெண் தருபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதிதாக உருவான விசைப்பலகையைத் திரை அமைப்பு கவனிக்கச் சிறிது நேரம் பிடிப்பதால், ஒய்டூடூல்டி என்ற பின்னணி நிரல் அந்தச் சாதனத்தை எப்போதும் தயாராக வைத்திருக்கிறது. ஆனால் யூஇன்புட்டைத் தொட வழக்கமாக ரூட் அனுமதி வேண்டும். அந்தத் தொல்லையிலிருந்து விடுபட, பயனரை 'இன்புட்' குழுவில் சேர்த்துவிடச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. சேர்த்தால் அந்தப் பயனர் ஓட்டும் எந்த நிரலும் எல்லா விசைப்பலகைகளையும் நேராகப் படிக்கலாம். வேலண்ட் முன்வாசலில் பூட்டியதைப் பின்வாசலில் திறந்துவைத்த கதை. யூஇன்புட்டுக்கு மட்டும் தனி யூடெவ் விதி எழுதுவது இதைவிட மேல். அப்போதும் பின்னணி நிரலின் சாக்கெட்டை யார் தொடலாம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடைப்பட்ட வழிகளும் முளைத்திருக்கின்றன. டபிள்யூடைப் தமிழை நேராகத் தட்டும், ஆனால் க்னோமில் ஓடாது. கேடிஇ-யில் கேடூடூல் விண்டோவைத் தேடித் தரும், ஆனால் தட்டாது. அதைக் கண்ணாகவும் ஒய்டூடூலைக் கையாகவும் சேர்த்துக் கட்டலாம். லிபெய் என்ற நூலகமோ பயனரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே விசை தட்டவிடும் முறையைத் திரை அமைப்புக்குள்ளேயே கொண்டுவருகிறது. முறையான வழி அதுதான். ஆனால் ஆளில்லாமல் இரவில் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுக்குச் சம்மதம் சொல்ல யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

விளக்கப்படத்தில் பக்கம் திருப்புவது, அறிவிப்புத் திரையில் மணிக்கொருமுறை பக்கத்தைப் புதுப்பிப்பது போல ஒரே விசையில் முடியும் வேலைக்கு ஒய்டூடூல் போதும்; தவறினாலும் நட்டமில்லை. சந்தாப் பட்டியலை ஏற்றும் வேலையை அதனிடம் கொடுக்க மாட்டேன். டெபியன் 13இல் எக்ஸ்எஃப்சிஇ மேசை இன்னும் எக்ஸ்11இல்தான் ஓடுகிறது. பழைய கணினி ஒன்றில் அதை நிறுவி, எக்ஸ்டூடூலையும் கணக்கு மென்பொருளையும் மட்டும் வைத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டால், ஒட்டுக்கேட்க அங்கே வேறு நிரலும் இருக்காது.