ஒரு பொத்தானா, பதினொன்றா? சுட்டியின் கதை

சென்ற மாதம் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, கேமிங் மவுஸ் ஒன்று வாங்கவேண்டும். கம்பி வைத்ததாக இருக்கவேண்டும். நம் விருப்பம்போல் மாற்றி அமைத்துக்கொள்ளக் கூடியதாகவும் இருக்கவேண்டும். எதை வாங்கலாம் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றான். அவன் தேர்ந்து வைத்திருந்தவை மூன்று. ஒன்றில் பதினொரு பொத்தான்கள்; வயிற்றைத் திறந்து சிறு எடைக்கட்டிகளைச் செருகலாம். இன்னொன்றில் கட்டைவிரலுக்கென்றே பன்னிரண்டு பொத்தான்கள். மூன்றாவது, அலுவலகங்களில் காண்பதைப் போன்ற எளிய உருவம். பின்னணியில் அக்காளின் குரல் கேட்டது: "ஒரு எலிக்கு இத்தனை உறுப்பா?"

அக்காளின் கேள்வி விளையாட்டானதுதான். ஆயினும் இக்கருவியின் வரலாறு முழுவதும் அக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு கருவி, அதை முதன்முதலாகத் தொடுபவனுக்காக அமையவேண்டுமா, நாள்தோறும் பழகித் தேர்ந்தவனுக்காக அமையவேண்டுமா? அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு இது.

கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியாளர் பணியாற்றினார். கணினி என்றால் கணக்கிடும் எந்திரம் என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், மனித அறிவின் ஆற்றலைப் பெருக்கும் துணைவன் அது என்று நம்பியவர் அவர். அவருடைய எண்ணத்திற்கு 1964-இல் உருக்கொடுத்தவர் உடன் பணியாற்றிய பில் இங்கிலீஷ். கையில் அடங்கும் ஒரு மரக்கட்டை, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான், மணிக்கட்டின் பக்கம் நீண்ட ஒரு கம்பி. வாலைப் போல் தோன்றிய அக்கம்பியே அதற்குச் சுண்டெலி என்ற பெயரை வாங்கித் தந்தது. தமிழில் நாம் அதைச் சுட்டி என்றோம். சுட்டிக் காட்டுவதும் அதுதான், கையில் நிற்காமல் ஓடும் குறும்புப் பிள்ளையும் அதுதான். ஆங்கிலப் பெயரைக் காட்டிலும் நம் பெயர் பொருத்தமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

திரையில் ஓர் எழுத்தைச் சுட்டுவதற்கு எக்கருவி ஏற்றது என்று அக்குழு சோதித்துப் பார்த்து, முடிவுகளை 1967-இல் வெளியிட்டது. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் முழங்காலால் அசைக்கும் ஒரு பொறி ஆகியவை சுட்டியுடன் போட்டியிட்டன. புதியவர்களிடையே விரைவில் முந்தியது எது தெரியுமா? அந்த முழங்கால் பொறி! பழகியவர்களின் கையிலேதான் சுட்டி வென்றது. முதல் நாளின் எளிமையைக் கொண்டு தீர்ப்பளித்திருந்தால், இன்று நாம் முழங்காலால் கணினியை இயக்கிக்கொண்டிருப்போமோ என்னவோ!

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சுமார் ஆயிரம் பேர் முன்னிலையில் எங்கல்பார்ட் தம் கணினி அமைப்பை இயக்கிக் காட்டினார். அப்போது சுட்டியில் மூன்று பொத்தான்கள் இருந்தன. அதற்கு மேல் வைக்க இடமில்லாததால்தான் மூன்றோடு நின்றது. அவருடைய இடக்கையின் கீழ் ஐந்து விசைகள் கொண்ட இன்னொரு சிறு பலகையும் இருந்தது. வீணையின் தந்திகளைச் சேர்த்து மீட்டுவதைப்போல் அவ்விசைகளைச் சேர்த்து அழுத்தவேண்டும். ஐந்தே விசைகளில் முப்பத்தொரு சேர்க்கைகள் கிடைக்கும். இடக்கை கட்டளையிட, வலக்கை சுட்டும். இரு கைகளும் தத்தம் இடத்தை விட்டு அகலவேண்டியதில்லை. ஆனால் இதைக் கற்பதற்கு நாள் பிடிக்கும். எங்கல்பார்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்று சக்கர வண்டியை எவரும் உடனே ஓட்டலாம், ஆயினும் தொலைதூரம் போவதற்கு மிதிவண்டியைத்தான் கற்கவேண்டும் என்பது அவருடைய வாதம்.

உலகம் மூன்று சக்கர வண்டியைத் தேர்ந்தெடுத்தது. பில் இங்கிலீஷ் 1971-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்திற்குச் சென்றார். அங்கே சுட்டியின் சக்கரங்கள் போய் உருளும் பந்து வந்தது. ஜெர்மனியின் டெலிஃபுன்கன் நிறுவனம் பந்து வைத்த சுட்டியொன்றை 1968-இலேயே தனியாக உருவாக்கியிருந்தது. 1973-இல் பிறந்த ஆல்ட்டோ கணினியில் மூன்று பொத்தான்கள். 1981-இல் வந்த ஸ்டார் கணினியில் இரண்டு. ஆப்பிள் நிறுவனம் 1983-இல் லிசாவையும் 1984-இல் மாக்கின்டாஷையும் வெளியிட்டபோது ஒன்றே ஒன்று. எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற குழப்பமே எழக்கூடாது என்பது அவர்கள் கொள்கை.

இக்கொள்கையைப் பழிப்பது நியாயமன்று. என் தாயாரும் உங்கள் தாயாரும் கணினியைத் தொட்டது இந்த எளிமையின் புண்ணியத்தில்தான். ஆனால் அதற்கொரு விலை இருந்தது. இடக்கையின் ஐந்து விசைகள் மறக்கப்பட்டன. எங்கல்பார்ட்டின் ஆய்வுக்கு நிதி வற்றியது; சீடர்கள் பிரிந்து சென்றனர். சுட்டியின் காப்புரிமை 1970-இல் பதிவாகி 1987-இல் முடிந்தது. உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்ற கருவியால் அவருக்கு உரிமைத்தொகை கிடைக்கவில்லை.

மறக்கப்பட்ட கொள்கை எவரும் எதிர்பாராத வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 1996-இல் குவேக் என்னும் விளையாட்டு வெளியாயிற்று. முப்பரிமாண உலகில் ஓடவும் வேண்டும், நாற்புறமும் நோக்கவும் வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இடக்கை விரல்களை விசைப்பலகையின் சில எழுத்துகள்மீது நிறுத்தி நடந்தார்கள். வலக்கைச் சுட்டியால் நோக்கிச் சுட்டார்கள். இம்முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் த்ரெஷ் என்ற புனைபெயருடைய டென்னிஸ் ஃபாங். 1997-இல் நடந்த குவேக் போட்டியில் வென்று, அவ்விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றார். கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருது எங்கல்பார்ட்டுக்கு வழங்கப்பட்டதும் 1997-ஆம் ஆண்டுக்கே. இடக்கை கட்டளையிட வலக்கை சுட்டும் அவருடைய அமர்வை, அவர் பெயரையே அறிந்திராத சிறுவர்கள் மீட்டெடுத்திருந்தார்கள்!

வணிகம் அவர்களைப் பின்தொடர்ந்தது. 1999-இல் ரேசரின் பூம்ஸ்லாங் வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் பந்தை நீக்கி ஒளியால் பரப்பைப் படிக்கும் சுட்டியைக் கொணர்ந்தது. 2005-இல் லாஜிடெக்கின் ஜி5, எடையைக் கூட்டிக் குறைக்க இடம் தந்தது. 2009-இல் ரேசரின் நாகா கட்டைவிரலுக்குப் பன்னிரண்டு பொத்தான்களை வைத்தது. 2014-இல் வந்த லாஜிடெக் ஜி502-இல் பதினொரு பொத்தான்களும், 3.6 கிராம் எடையுள்ள ஐந்து கட்டிகளும் இருந்தன. இவை அனைத்தும் எங்கல்பார்ட்டின் பேரப்பிள்ளைகள்.

ஆயின் பேரப்பிள்ளைகள் எல்லோரும் குலப்பெயரைக் காப்பதில்லை. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் டிபிஐ எண்ணைப் பாருங்கள். சுட்டி ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளிகளை எண்ணும் என்பதே அது. 1999-இல் 2000 என்பது வியப்பு; இன்று 30,000-ஐத் தாண்டிவிட்டது. 1920 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க, 800 டிபிஐயில் கை சுமார் 6 சென்டிமீட்டர் நகரவேண்டும். 30,000 டிபிஐயில் ஒன்றரை மில்லிமீட்டரே போதும்! அவ்வளவு சிறிய அசைவை எந்தக் கை ஆளும்? இது கைக்காகச் செய்தது அன்று, பெட்டிக்காகச் செய்தது.

ஆகவே மருமகனுக்கு நான் எழுதியது இதுதான். முதலில் உன் கையை அள. உள்ளங்கை முழுவதையும் சுட்டிமீது படியவைப்பாயா, விரல்நுனியால் மட்டும் பிடிப்பாயா என்று கவனி. உருவம் பொருந்தாவிட்டால் மற்றெதுவும் பயனில்லை. விரைந்து சுட்டும் ஆட்டமென்றால் எடை குறைந்தது நன்று; கட்டளைகள் மிகுந்த ஆட்டமென்றால் பொத்தான்கள் மிகுந்தது நன்று. நீ அமைத்த மாற்றங்கள் சுட்டியின் நினைவகத்திலேயே பதியுமா என்று பார். பதிந்தால் வேறு கணினிக்கும் உடன் வரும். கம்பி வேண்டும் என்றது சரியே. நல்ல கம்பியில்லாச் சுட்டிகள் இன்று வேகத்தில் இணையாக நிற்கின்றன. எனினும் கம்பிக்கு மின்கலக் கவலை இல்லை, விலையும் குறைவு. அந்த வால் மெல்லியதாக, மேசையில் உரசி இழுக்காததாக இருக்கட்டும்.

இறுதியாக ஒரு வரி சேர்த்தேன்: பதினொரு பொத்தான்களை வாங்குவதில் தவறில்லை, பதினொன்றையும் உன் விரல்கள் கற்றுக்கொள்ளுமானால். கற்காத பொத்தான் வெறும் அலங்காரம்.

அவன் பதினொன்றையே வாங்கினான். பத்து நாள் கழித்து அழைத்து, "மாமா, இப்போது ஏழு பொத்தான்கள் கைக்கு வந்துவிட்டன" என்றான். எங்கல்பார்ட் 2013-இல் காலமானார். இருந்து இதைக் கேட்டிருந்தால், மீதம் நான்கு எப்போது என்றே வினவியிருப்பார்.