கார் மெழுகு: தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் மழை, பனிக்காலப் பயன்பாடு

காரின் பெயின்டுக்கு மேலுள்ள கிளியர் கோட் மீது பூசப்படும் மெல்லிய காப்புப் பூச்சே கார் மெழுகு. கடைகளில் இது ‘வேக்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. பாலிஷ் வேறு பொருள். அதிலுள்ள உராய்பொடி கிளியர் கோட்டைச் சிறிது தேய்த்தெடுத்துத்தான் பளபளப்பைத் தருகிறது. கிளியர் கோட்டின் கனம் சுமார் 40 மைக்ரான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஆண்டுதோறும் பாலிஷ் போட்டால் அது கரையும். மெழுகு எத்தனை முறை பூசினாலும் கரையாது.

குளிர்கால மெழுகு பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை பனி உறையும் நாடுகளுக்கானவை. அங்கே சாலையில் உறைபனியை உருக்க உப்பு தூவுகிறார்கள். அந்த உப்புதான் முதல் எதிரி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைகளுக்கும் இடையில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் உப்பும் இல்லை, உறைபனியும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழி, தையில் இரவெல்லாம் பனி. விடியற்காலையில் பானெட்டில் விரலால் பெயர் எழுதும் அளவுக்கு ஈரம் படிந்திருக்கும். வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். நனைவதும் காய்வதுமாக நாள்தோறும் நடக்கும் இந்தச் சுழற்சியில் நீரோடு கரைந்து வந்ததெல்லாம் பெயின்டிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே இங்கே மெழுகைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பளபளப்புக்காக அல்ல, நீரை உதறும் திறனுக்காக.

தங்கிவிடும் பொருட்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே வெயிலில் காயவிட்ட கார்களில் சுண்ணாம்புத் திட்டுகள் வெள்ளை வட்டங்களாகப் படியும். கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிப்பார்கள். தோட்டத்தை ஒட்டி நிற்கும் காரின் மேல் அதன் துளிகள் காற்றில் வந்து விழுந்தால், காயுமுன் கழுவிவிட வேண்டும். மழை விட்ட இரவுகளில் முகப்பு விளக்கைத் தேடி வரும் ஈசல் பம்பரில் நசுங்கி ஒட்டும். நாள் கணக்கில் விட்டால் கறையாகும்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து சபரிமலை வண்டிகள் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறத் தொடங்கும். கூட்டம் மிகுந்த நாட்களில் கம்பம் மெட்டு வழியாகப் போகவும் குமுளி வழியாகத் திரும்பவும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வரும். அந்த வண்டிகளின் பானெட்டில் பூசிய சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் வாரக்கணக்கில் காய்ந்து கிடக்கும். காய்ந்த சந்தனத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் மெல்லிய வட்டக் கீறல்கள் விழும். மஞ்சளின் நிறம் வெள்ளைக் காரில் எளிதில் போகாது. மெழுகு பூசிய பரப்பில் பொட்டு வைத்தால் நீர் ஊற்றி ஊறவைத்த உடனே அது வழுகி வந்துவிடும். இந்தக் காரணத்தாலேயே ஆயுத பூஜைக்கு முன் மெழுகு பூசிவிடுவது நல்லது. பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். மார்கழியில் போய் மெழுகு தேடுவது தாமதம்.

வகைகளில் கார்னோபா மெழுகு பழையது. வடகிழக்குப் பிரேசிலின் ஒரு பனை வகையின் இலையிலிருந்து கிடைப்பது. உருகுநிலை சுமார் 82 முதல் 86 பாகை செல்சியஸ், தேன்மெழுகுக்கு சுமார் 62 முதல் 64 வரைதான். கருப்பு, சிவப்பு வண்டிகளில் இதன் ஆழமான மினுக்கத்துக்கு இணையில்லை. ஆனால் தொடர்மழையில் ஒன்றிரண்டு மாதங்களுக்கு மேல் நிற்காது. பாலிமரால் ஆன செயற்கை மெழுகு, அதாவது சீலன்ட், நான்கு முதல் ஆறு மாதம் தாங்கும். புரட்டாசியில் பூசினால் தை வரை போதும். வீட்டு வாசலில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு இதுவே சரியான தேர்வு. செராமிக் பூச்சு இன்னும் நீடிக்கும். ஆனால் செலவு அதிகம், பூசக் கைதேர்ந்தவர் வேண்டும். அதிலும் உப்புத் தண்ணீர்த் திட்டு விழும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பூசும் முறை எளிது. நிழலில், பரப்பு சூடில்லாதபோது, பனி ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகு பூச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கதவு போதும். மிக மெல்லிதாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம்; கோடு பளிச்சென்று தெரிந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுக்கும் பதம். சீலன்ட் இறுக அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை நீர் படாமல் நிறுத்துவது நல்லது. வண்ணம் பூசாத கருப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெண்கறை தங்கும்; மேட் பெயின்டில் பூசவே கூடாது. பட்டறையில் புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்துக்கு ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும், உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேறுவதற்காக.

பூசியதைக் காப்பதும் முக்கியம். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகையும் சேர்த்தே எடுத்துவிடும். கார் ஷாம்பூ பயன்படுத்தலாம். பனியில் நனைந்த தூசியைக் காலையில் பழைய வேட்டித் துணியால் அப்படியே துடைப்பது தேனிப் பக்கம் பரவலான வழக்கம். அந்தத் தூசியே உப்புத்தாளாகிக் கீறுகிறது. முதலில் ஒரு வாளி நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றிவிட்டுத் துடைக்க வேண்டும். ஊற்றிய நீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் மெழுகு இருக்கிறது. விரிந்து படர்ந்து நின்றால் மறுபடி பூசும் வேளை வந்துவிட்டது.