வாய்ப்பூட்டை உடைத்த முதியவர்

தலைமைப் பீடத்திலிருந்து இறங்கிய தலைவருக்கு என்ன வேலை? ஓய்வு கொள்வார், பழம்பெருமை பேசுவார். உலக வழக்கம் இது. அமெரிக்காவின் ஆறாவது குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அந்த வழக்கத்தை ஏற்கவில்லை.

1767-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். தந்தை ஜான் ஆடம்ஸ், நாட்டின் இரண்டாவது தலைவர். ஹாலந்து, பிரஷ்யா, ரஷ்யா, பிரிட்டன் நாடுகளில் தூதர். 1817 முதல் வெளிநாட்டுத் துறை அமைச்சர். 1824 தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஆடம்சுக்கு 84. முடிவு பிரதிநிதிகள் சபையின் கைக்குப் போயிற்று. சபைத் தலைவர் ஹென்றி கிளேயின் ஆதரவால் ஆடம்ஸ் வென்றார். அதே கிளே அமைச்சரானார்! பேரம், பேரம் என்று முழங்கினர் எதிரிகள். பல்கலைக் கழகம் வேண்டும், வானாராய்ச்சிக் கூடம் வேண்டும் என்றார் ஆடம்ஸ், எள்ளி நகைத்தனர். 1828-ல் ஜாக்சனிடம் தோற்றார்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நாம் அவரைப் பற்றி எழுதப் புகுந்திருக்க மாட்டோம்.

அடிமை முறை நாட்டின்மீது படிந்த கறை என்று 1820-லேயே அவர் எழுதினார். எங்கே? தம் நாட்குறிப்பில்! அன்று அமைச்சர் பதவி கையில் இருந்தது. அதனினும் பெரிய பதவி கண்ணெதிரே தெரிந்தது. நாடறியப் பேச நா எழவில்லை.

1830-ல் பிரதிநிதிகள் சபைக்குச் சாதாரண உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலைவராயிருந்த வேறெவரும் அந்தச் சபைக்கு அவ்வாறு வந்ததில்லை. அடிமை முறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பங்கள் அங்கே வந்து குவிந்தன. பெண்கள் பல்லாயிரவர் கையெழுத்திட்டனர். தென்பகுதிப் பண்ணையார்கள் பதறினர். 1836-ல் சபை விதி செய்தது: அடிமை முறை பற்றிய விண்ணப்பம் எதுவாயினும் விவாதமின்றி ஒதுக்கப்படும்! வாய்ப்பூட்டு விதி என்றே அதற்குப் பெயர் வந்தது.

பூட்டை ஆட்டத் தொடங்கினார் முதியவர். 1837-ல் ஒரு நாள், "அடிமைகள் 22 பேர் அனுப்பியதாகச் சொல்லும் விண்ணப்பம் என்னிடம் உள்ளது, தரலாமா?" என்று கேட்டார். கூச்சல்! கண்டனத் தீர்மானம்! பிறகுதான் வெளிப்பட்டது, விண்ணப்பத்தில் இருந்தது விடுதலை வேண்டாமென்ற வேண்டுகோள் என்பது! தீர்மானம் தோற்றது. 1842-ல் மீண்டும் கண்டிக்க முயன்றனர், மீண்டும் தோற்றனர். இடையே 1841-ல், 73 வயதில், 'அமிஸ்டாட்' கப்பலில் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்கள் விடுதலை பெற்றனர்.

1844 டிசம்பர் 3 அன்று, 108-க்கு 80 என்ற வாக்கில் வாய்ப்பூட்டு உடைந்தது. எட்டாண்டுப் போர்!

1848 பிப்ரவரியில் அந்தச் சபையிலேயே தம் இருக்கையில் சாய்ந்தார். இரண்டு நாளில் அக்கட்டிடத்திலேயே உயிர் பிரிந்தது. அன்று அந்தச் சபையில் 39 வயது உறுப்பினர் ஒருவர் இருந்தார். பெயர் ஆபிரகாம் லிங்கன். 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

ஆடம்ஸ் நாட்குறிப்பில் எழுதிய கருத்தும் சபையில் முழங்கிய கருத்தும் ஒன்றே. முன்னது எந்த விலங்கையும் அசைக்கவில்லை, பின்னது அசைத்தது. உண்மையை உணர்ந்தும் உரிய காலம் வரட்டும் என்று உள்ளத்தில் பூட்டி வைத்திருப்போர் நம்மிடையே எத்தனை பேர்? தோழர்களே, முதல் வாய்ப்பூட்டு அங்கேதான் இருக்கிறது. அதன் சாவி நம் கையிலேயே உள்ளது.