பனச்சமூட்டுச் சந்தையும் அசமன்பாட்டுக் கணக்கும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களையும் விளவங்கோட்டையும் பனச்சமூடு எல்லையில் இன்று மாநிலக் கோடு பிரிக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் பழைய திருவிதாங்கூர் மண்தான். சமஸ்தானக் காலத்தில் புழக்கத்தில் இருந்த நாணயமும் ஒன்றே: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக, ஒரு பணத்துக்கு 64 காசு.

பழைய கணக்கு நூல்களில் பணம் மிச்சமில்லாமல் தீர வேண்டும் என்பது வழக்கம். 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் எழுதிய கணிதசாரசங்கிரகத்தில் 100 பணத்துக்கு 100 பறவை வாங்கும் கணக்கு உண்டு. இது சமன்பாடு. ஆனால் சந்தைக்குப் போகிறவர் அப்படியா நினைப்பார்? "கையில உள்ளதுக்கு மேல போகப்பிடாது, வீட்டுக்கு வேண்டியது குறையவும் பிடாது" என்றுதானே நினைப்பார்! இதுவே அசமன்பாடு.

ஒரு விலையை வைத்துப் பார்ப்போம். தேங்காய் ஒன்று 8 காசு, மரச்சீனி ஒரு மூடு 6 காசு, கையில் ஒரு பணம். தேங்காயை த என்றும் மரச்சீனியை ம என்றும் கொண்டால், 8த + 6ம என்பது 64க்கு மிகக்கூடாது. காசு முழுவதும் தீரும் வழிகள் மூன்றே: 8 தேங்காய் மட்டும், 5 தேங்காயும் 4 மூடும், 2 தேங்காயும் 8 மூடும். மிகாமல் வாங்கும் வழிகளோ, ஒன்றும் வாங்காமல் திரும்புவதையும் சேர்த்து, 54.

வீட்டுக்குக் குறைந்தது 3 தேங்காயும் 4 மூடும் வேண்டும் என்றால் அந்த 54 வெறும் 6 ஆகச் சுருங்குகிறது. அவற்றில் மலிவானது 3 தேங்காய், 4 மூடு: செலவு 48 காசு, மிச்சம் 16 காசு, அதாவது சரியாக ஒரு சக்கரம். மீனுக்கோ பிள்ளையின் சிலேட்டுக்கோ உதவும் காசு இதுதான். பணம் தீரும் விடையை மட்டும் தேடுகிறவர் கண்ணில் இந்தச் சக்கரம் படாது.

சிறிது, பெரிது என்னும் குறிகள் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் நூலில், அவர் மறைந்தபின் 1631இல் அச்சேறின. பட்ஜெட் கணக்குக்கு அவை கைகொடுக்க மூன்று நூற்றாண்டு ஆயிற்று. 1945இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர், 77 உணவுப் பொருள்களிலிருந்து 9 சத்துகள் குறையாமல் கிடைக்க ஒருவருக்கு ஆண்டுக்கு ஆகும் குறைந்த செலவைத் தேடினார். 1939ஆம் ஆண்டு விலைப்படி அவர் கண்டது 39.93 டாலர். 1947இல் ஜார்ஜ் டான்சிக் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறையில் போட்டபோது வந்தது 39.69 டாலர். வித்தியாசம் 24 சென்ட்தான்!

ஏழை வீட்டின் கணக்கில் 'மிகாமல்', 'குறையாமல்' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தே நிற்கும். கூலி குறைந்தாலும் விலை ஏறினாலும் அந்த 6 வழியும் ஒவ்வொன்றாக அடைபடும். ஒரு வழியும் இல்லாத நாளில் வீட்டில் பட்டினி. ஊர் விட்டு வந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிற நமக்கு இந்தக் கணக்கைத் தனியே சொல்லித்தர வேண்டுமா? நம் பிள்ளைகளுக்கு மட்டும், சமன்பாட்டோடு இதையும் சந்தைக் கணக்காகவே சொல்லிக் கொடுப்போம்.