பல் துலக்கும் மூலிகைகள்: ஆய்வகச் சோதனை

வேம்பு, கருவேலம், ஆல், கிராம்பு, மிஸ்வாக் குச்சி தரும் உகாய் முதலானவற்றின் சாறு வாய்ப் பாக்டீரியாக்களைக் கொல்கிறதா, அல்லது வளரவிடாமல் தடுக்க மட்டும் செய்கிறதா என்று கண்டறியும் ஆய்வு, பல் மருத்துவமும் நுண்ணுயிரியலும் கலந்தது. பெரும்பாலும் சோதிக்கப்படும் பாக்டீரியா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். சொத்தைப் பல்லிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1924இல் விவரித்தவர் ஜே. கிலியன் கிளார்க். சர்க்கரை கிடைத்தால் இது அமிலமாக்கிவிடும். பல்லின் மேல் பிஹெச் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். போதாததற்கு, அதே சர்க்கரையிலிருந்து குளுக்கான் என்ற பசையையும் உண்டாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும்.

மூலிகையை உலர்த்திப் பொடித்து, நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து வடிகட்டுவார்கள். பாக்டீரியா பூசிய அகார் தட்டில் குழி வெட்டிச் சாற்றை விட்டு, 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைப்பார்கள். சாறு வேலை செய்திருந்தால் குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிந்த வட்டம் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழியில் வாய்க் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின், இன்னொன்றில் வெறும் கரைப்பான். இந்த இரண்டாவது குழி இல்லாத ஆய்வை நம்புவதற்கில்லை. எத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது.

வட்டத்தின் விட்டத்தை வைத்தே மூலிகைகளைத் தரவரிசைப்படுத்தும் கட்டுரைகள் ஏராளம். அது சரியல்ல. எண்ணெய்ப் பொருள்களும் பெரிய டானின் மூலக்கூறுகளும் அகாருக்குள் எளிதில் பரவுவதில்லை. வீரியம் இருந்தும் வட்டம் சிறுத்துப்போகும். ஆகவே சாற்றைப் படிப்படியாகப் பாதியாக நீர்க்கச் செய்து, வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த செறிவைக் காண்பதே மேல். அங்கும் ஒரு தொல்லை உண்டு: சாற்றின் பழுப்பு நிறத்தில், வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் கண்ணுக்குப் படாது. அதற்காக ரெசாசுரின் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள பாக்டீரியா இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாக மாறும்.

எல்லா மூலிகையும் ஒரே வழியில் வேலை செய்வதில்லை. கிராம்பின் யூஜெனால் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கிறது. கருவேலம்பட்டையின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் புரதங்களோடு பிணைபவை. குளுக்கானை உண்டாக்கும் நொதியையும் முடக்க வல்லவை. உகாயிலுள்ள பென்சைல் ஐசோதயோசயனேட், கடுகுக் காரத்தின் உறவுக்காரப் பொருள். அது சொத்தைக்குக் காரணமான மியூட்டன்ஸைவிட, ஈறுநோய் உண்டாக்கும் கிராம்-எதிர் பாக்டீரியாக்களையே கடுமையாகத் தாக்குகிறது.

தட்டில் வென்ற சாறு வாயில் தோற்பது வழக்கம். பல்லில் பாக்டீரியா தனித்தனியாக இல்லாமல் பசைப் படலத்துக்குள் பொதிந்து கிடக்கும். அங்கே அதைக் கொல்லப் பல மடங்கு செறிவு தேவை. உமிழ்நீரோ சாற்றைச் சில நிமிடங்களில் அடித்துச் சென்றுவிடும். குளோர்ஹெக்சிடின் பல்லிலும் ஈறிலும் ஒட்டி மெல்லக் கசிவதால்தான் நிலைத்திருக்கிறது. நாள்பட்டால் பல்லில் பழுப்புக் கறை படிவது அதன் குறை. குச்சியால் துலக்கும்போது நார் உராய்ந்தே பாதி அழுக்கு போய்விடுவதால், சாற்றின் பங்கை மட்டும் அறிய விரும்பும் ஆய்வாளர்கள் அதை வாய் கொப்பளிக்கக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.