தட்டினால் எங்கே திறக்கும்?

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகிற சாலையில், மலையை ஒட்டி இருக்கிறது சிவகிரி. முதலில் பாளையம், பிறகு ஜமீன். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தபோது அதோடு சேர்ந்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நெடுங்காலம் ஊருக்குச் சேதி சொன்னது தண்டோராதான். வரி கட்டக் கடைசி நாள், ஊர்க்கூட்டம், ஏலம் என்று எதுவானாலும் தெருமுனையில் பறை முழங்கும். எங்கே வரவேண்டும், என்றைக்கு வரவேண்டும் என்பது அதே மூச்சில் சொல்லப்படும். அந்த வேலையை ஒரு சாதியின் தலையிலேயே கட்டிவைத்த கொடுமையும் அதோடு ஒட்டியே வந்தது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி அதை நிறுத்தச் சொன்னார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றார். தாமதமாக வந்தாலும் நல்ல முடிவு.

தந்தி வந்தால் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்ட காலமும் உண்டு. அது சேதியை மட்டும்தான் தரும். மேற்கொண்டு பேச வழியில்லை. அந்தக் குறையைப் போக்கியது பி.பி. போன். மளிகைக் கடையிலோ பக்கத்து வீட்டிலோ மணி அடிக்கும், ஒரு பையன் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவருவான். ரிசீவர் அதுவரை மேசைமேல் மல்லாந்து கிடக்கும். வந்தவர் எடுத்ததும், காத்திருந்த அதே அழைப்பில் பேச்சு தொடங்கும். ஆளை அழைப்பதும், திறந்தே இருக்கிற இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அங்கே ஒரே வேலையாக இருந்தன. கைப்பேசி இந்த இரண்டையும் பிரித்துப்போட்டது. மறுபடி ஒட்டவைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே, திரையின் உச்சியிலிருந்து விரலால் இழுத்தால் அறிவிப்புகள் வரிசையாக இறங்கின. செயலியைத் திறக்காமலே வந்துசேரும் ‘புஷ்’ அறிவிப்பை ஆப்பிள் அதே ஆண்டு தருவதாகச் சொன்னது; அது 2009 ஜூனில்தான் வந்தது. ஐபோனில் அப்போது அறிவிப்பு என்றால் திரை நடுவே துள்ளும் ஒரு பெட்டி. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துக்காட்டும் வசதிக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேதியைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை இப்படி ஒருவழியாக முடிந்தது. சேதியைத் தட்டியபிறகு என்ன நடக்கவேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

ஆண்ட்ராய்டில் ஒரு செயலியின் திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் மேலே உள்ளது விலகி, அடியில் இருப்பது தெரியும். நிரலர் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதுத்திரை பிறக்கும். அதே திரை ஏற்கனவே கண்முன்னே திறந்திருந்தாலும் அப்படித்தான். விளைவை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். மூன்று அறிவிப்பைத் தட்டினால் ஒரே பக்கம் மூன்று முறை அடுக்கில் ஏறும். வெளியே வர நாலைந்து முறை பின்னால் போகவேண்டும். பாதி நிரப்பிய படிவம் அடியில் எங்கேயோ கிடக்க, மேலே வெறும் படிவம் ஒன்று முளைத்து நிற்கும். ரேஷன், மின்கட்டணம், உதவித்தொகை என எல்லாமே போனுக்குள் போய்விட்ட நாளில் இதைச் சில்லறைத் தொந்தரவு என்று தள்ளமுடியாது. எழுத்துக்கூட்டிப் படித்து நிரப்பிய ஒரு பாட்டிக்கு அது அரைநாள் உழைப்பு.

மருந்து ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருந்தது. திரைக்கு ‘சிங்கிள் டாப்’ என்று குறித்துவிட்டால், மேலே அதே திரை இருக்கும்போது புதிதாக ஒன்று பிறக்காது. வந்த சேதி ‘ஆன் நியூ இன்டென்ட்’ என்ற வாசல் வழியாகப் பழைய திரையிடமே ஒப்படைக்கப்படும். திரை அடுக்கின் நடுவில் புதைந்திருந்தால், மேலே உள்ளவற்றை விலக்கி அதை வெளிக்கொணரத் தனிக்குறி ஒன்று உண்டு. செயலி மூடிக்கிடந்து, அறிவிப்பு நேராக உள்திரையைத் திறந்தால், பின்செல்லும்போது முகப்புக்குப் போகும்படி அடுக்கைக் கட்டித்தரும் கருவி 2012-இல் ஆண்ட்ராய்டு 4.1-உடன் சேர்ந்தது.

இன்னொரு கண்ணி வெகு நுட்பமானது. அறிவிப்புக்குள் வைத்து அனுப்பும் ஆணை புதியதா, பழையதா என்று ஆண்ட்ராய்டு ஒப்பிடும்போது, கூடவரும் கூடுதல் தகவலைக் கணக்கில் எடுப்பதில்லை. அக்கா அனுப்பிய சேதியும் கடைக்காரர் அனுப்பிய சேதியும் அதன் கண்ணுக்கு ஒன்றே. அதனால் புதியதைத் தட்டினால் பழைய உரையாடல் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கவேண்டும் என்று கண்டுபிடிக்க இரவெல்லாம் விழித்த நிரலர்கள் ஏராளம்.

ஆப்பிள் பக்கம் தொல்லை வேறு மாதிரி. செயலி உயிரோடு இருந்தால் ஒரு வழி, மூடிக்கிடந்தால் வேறு வழி என அறிவிப்பு இரண்டு வாசலில் வரும். ஒன்றைச் சரிசெய்து மற்றதை மறந்தவர்களின் செயலி, முகப்பைத் திறந்துவிட்டு நின்றுவிடும். 2016-இல் ஐ.ஓ.எஸ். 10, தட்டலுக்கான பதிலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. 2021-இல் ஆண்ட்ராய்டு 12 அதைவிடக் கறாராக நடந்துகொண்டது. தட்டலை முதலில் பின்னணி வேலையிடம் கொடுத்து, அது யோசித்துத் திரையைத் திறக்கும் சுற்றுவழியை அடைத்தது. தட்டியதும் திரை நேராக வந்தாகவேண்டும்.

இது சிவகிரிக்குத் தூரத்துக் கதை இல்லை. அதே மாவட்டத்தில், தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. அந்நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ‘அரட்டை’ செயலியை 2025-இல் நாடெங்கும் ஏராளமானோர் இறக்கிக்கொண்டார்கள். உரையாடல் செயலி எதற்கும் இந்தத் தட்டல்தான் தலைவாசல். அதில் தடுக்கினால் ஆட்கள் உள்ளே வரமாட்டார்கள்.

உலாவி வழியே வரும் அறிவிப்புகளில் இந்த வேலை இன்னும் நிரலர் கையில்தான் இருக்கிறது. 2015-இல் குரோம் 42 புஷ் அறிவிப்பைக் கொண்டுவந்தபோது, தட்டலுக்கு என்ன செய்வது என்பதை அந்தந்தத் தளமே எழுதிக்கொள்ள விட்டது. திறந்திருக்கும் பக்கங்களைத் தேடி, உரியது கிடைத்தால் அதை முன்னே கொண்டுவர நாலைந்து வரி எழுதவேண்டும். எழுதாமல் விட்ட தளங்களில், தட்டுகிற ஒவ்வொரு முறையும் ஒரு புதுத்தாவல் திறந்துகொண்டே போகிறது.